வலது மூலை வாளி

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

எட்டு மாசமா நீ என் போனை எடுக்கல. உன் அண்ணன் கூப்பிட்டா எடுக்கிற. நான் பக்கத்துல இருந்து ஒரு குரல் கொடுத்தா சிக்னல் இல்லன்னு வச்சிடுற. கடிதத்துக்கு சிக்னல் வேண்டியதில்லையே, அதான் பேனாவை எடுத்துட்டேன். கிழிச்சுப் போடறதா இருந்தாலும் படிச்சுட்டுக் கிழி.

நேத்து நம்ம கூடைப்பந்து டீம் அலமாரியைச் சுத்தம் பண்ணினேன். காத்துப் போன பந்து ரெண்டு, யாரோடதுன்னே தெரியாத ஒத்தைக் காலுறை ஆறு, எல்லாத்துக்கும் அடியில உன் நீல அட்டை நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் பாதிக் கோர்ட்டை வரைஞ்சு புள்ளி புள்ளியா வச்சிருக்க. சிலது பேனா, சிலது பென்சில். மூணு வருஷ மேட்ச்சும் தேதி போட்டு இருக்கு. என்ன அது? நான்தான் கோச்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கே தெரியாம என் டீம்ல ஒரு ஆபீஸ் நடந்திருக்கு.

இதைக் கேக்க மட்டும் எழுதல. குட்டி சீட்டு எழுதிக் கொடுத்துட்டா. செப்டம்பர் போட்டியோட ஆட்டத்தை விட்டுடறாளாம். ஏம்மான்னு கேட்டா, 'முடியலக்கா.' அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டா தையல் மெஷினைப் பாத்துக் குனிஞ்சுக்கிறா. ஆறடி ரெண்டங்குலம் இருக்கிறவளுக்குக் குட்டின்னு பேர் வச்ச புண்ணியவதி நீதான். முழங்கால் இடிக்குதுன்னு அவ மெஷினுக்குக் கீழ நாலு கட்டை வச்சு உயர்த்தினோமே, அந்த மெஷின் அப்படியேதான் இருக்கு. அதுல வேற யாரும் உக்கார முடியாது. அவ இடத்துல நின்னு ஆடவும் வேற யாராலயும் முடியாது.

நம்ம ஆட்டமே ஒரு வரிதானே. பந்தைக் கொண்டு வா, ரிங்குக்குக் கீழ நிக்கிற குட்டிக்குத் தூக்கிக் கொடு, அவ போட்டுடுவா. கடைசி இடத்துல கிடந்த பை தைக்கிற கம்பெனி டீம் அரையிறுதி வரைக்கும் போனது அந்த ஒரு வரியாலதான். இப்ப ஊரே அதைப் படிச்சுட்டுது. பந்து வர்றதுக்கு முன்னாடியே மூணு பேர் அவ மேல சாஞ்சு நின்னுக்கிறாங்க. போன மாசம் ஆடின நாலு மேட்ச்ல மூணு தோத்தோம்.

அந்த அரையிறுதியைப் பத்தி எழுத மாட்டேன். குட்டிக்குக் கொடுக்காம நீயே போட்டது தப்பு, அதை இன்னிக்கும் சொல்வேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி 'பந்து என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா'ன்னு நான் கேட்டிருக்க வேண்டாம். உன் அப்பா எனக்கு மாமனார், அந்த வகையிலும் அது சரியில்ல.

ஆட்டம் புரிஞ்சவ ஒருத்திதான் இருந்தா, அவளையும் விரட்டிட்டு இப்ப முழிக்கிறியேன்னு உன் அண்ணன் சொல்றார். நான் ஒண்ணும் விரட்டல. நீதான் வேற ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிட்டுப் போன. இருந்தாலும் கேக்கறேன். குட்டி போயிடக் கூடாது. என்ன பண்ணலாம்னு உனக்கு ஏதாவது தோணினா எழுது.

உன் அண்ணி


ஜூன் 13

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கல. ரெண்டு நாள் பிரிக்காம வச்சிருந்தேன், அவ்வளவுதான்.

பேனாப் புள்ளி, பந்து விழுந்தது. பென்சில் புள்ளி, விழாதது. பந்து கையை விட்ட இடம் எதுவோ அங்க புள்ளி. மேட்ச் முடிஞ்சு திரும்பற பஸ்ல உக்காந்து வைப்பேன். அப்ப நீங்க முன் சீட்டுல வாயைத் திறந்துகிட்டுத் தூங்கிட்டு இருப்பீங்க.

எந்தப் பத்துப் பக்கத்தை வேணா எடுத்துப் பாருங்க. இடது பக்கம் கறுத்துப் போயிருக்கும். வலது பக்கம் வெறும் காகிதம். குட்டி இடது பக்கம்தான் நிப்பா, மிச்ச நாலு பேரும் இடது பக்கம்தான் போய் அடைவோம். எதிராளிக்கு பாதிக் கோர்ட்டைக் காவல் காத்தா போதும். ஏன் இப்படின்னு எனக்கும் தெரியல. உங்ககிட்ட காட்டணும்னு நோட்டை எடுத்துட்டு வந்த நாள்தான் அந்த அரையிறுதி.

நீங்க எழுத மாட்டேன்னு சொன்னதை நான் எழுதறேன். ஆறு செகண்ட் பாக்கி, ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். குட்டியைச் சுத்தி மூணு பேர். பந்தோட நான் வலது மூலையில, பக்கத்துல ஈ காக்கா இல்ல. போட்டேன். ரிங்ல பட்டு வெளிய வந்துச்சு. ஒரு விரக்கடை. அப்பன் வீட்டுச் சொத்துன்னு கேட்டது எனக்குப் பெரிசில்ல, நம்ம வீட்டுல அது தினம் கேக்கறதுதான். அதுக்கு அப்புறம் 'உன்னால தோத்தோம்'னு சொன்னீங்க. உங்க கடிதத்துல அது இல்ல. மறந்துட்டீங்க போல.

குட்டி விஷயம். உடை மாத்துற ரூம்ல அவ முதுகைப் பாத்திருக்கீங்களா? முழங்கை இடிச்ச இடமெல்லாம் நீலமா இருக்கும். ஜெயிச்சா டீம் ஜெயிச்சுது. தோத்தா, நெட்டை சொதப்பிட்டா. கேலரியில இருந்து இறங்கறவங்க அவ காதுபடவே அப்படித்தான் பேசுவாங்க. 'முடியல'ன்னா அதுதான்.

கோவத்துல இருக்கேன். அதுக்காக நன்றி கெட்டவ இல்ல. முதல் மேட்ச் அன்னிக்கு என் ஷூ வாயைப் பிளந்துடுச்சு. நீங்க உங்க ஷூவைக் கழட்டிக் கொடுத்துட்டு முழு ஆட்டமும் வெறுங்காலோட ஓரத்துல நின்னு கத்தினீங்க. இப்பவும் அதுதான் என் ஷூ. ஒரு சைஸ் பெரிசு, முன்னாடி பஞ்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி


ஜூன் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

அந்த வார்த்தையை நான் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. உன் அண்ணன்கிட்ட கேட்டேன். சொன்ன, அவருக்கும் கேட்டுச்சு, மூணாவது வரிசை வரைக்கும் கேட்டுச்சுன்னார். அதைப் பத்தி எழுத எனக்கு இப்ப கை வரல. அதனால வாளியைப் பத்தி எழுதறேன்.

உன் நோட்டைப் பிரிச்சுத் தரையில வச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தேன். நீ சொன்னது நிஜம். வலது பக்கம் காலி. அப்புறம் நாம பிராக்டிஸ் பண்ற பழைய குடோனுக்குப் போய், ரிங்குக்கு எதிர்ல நின்னு பாத்தேன். வலது பக்கம் என்ன இருக்கு? மஞ்ச வாளி. கூரை ஒழுகுதுன்னு வச்ச வாளி. அதுல இடிக்கக் கூடாதேன்னு எல்லாரும் இடது பக்கமா ஓடி ஓடி, மேட்ச்ல வாளியே இல்லாத கோர்ட்லயும் இடது பக்கமே ஓடியிருக்கோம்.

இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எப்பதான் இந்தக் கூரையைச் சரி பண்ணுவீங்கன்னு ஒரு பிடி பிடிச்சேன். அந்த மனுஷன் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஓட்டையை அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, வாளியை நீங்க ஏதோ ஆட்டத்துக்காக வச்சிருக்கீங்கன்னு நினைச்சுத் தினமும் சுத்திப் பெருக்கறேன்னார். எட்டிப் பாத்தேன். உள்ள ஒரு சொட்டு தண்ணி இல்ல. ஒத்தைக் காலுறை ஒண்ணு கிடந்துச்சு.

ரெண்டு வருஷமா பத்துப் பொம்பளைங்க ஒரு காலி வாளிக்கு வழி விட்டு ஆடியிருக்கோம். பாவம் குட்டி. அத்தனை அடியும் அவ இடது பக்கமே வாங்கியிருக்கா. சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

மறுநாளே வாளியை எடுத்துட்டேன். குட்டியை வலது பக்கம் நிக்க வச்சேன். ஆடுங்கடின்னா, ஒருத்தி மேல ஒருத்தி முட்டிக்கிறாளுங்க. பொத்தான் இருக்காளே, அந்தப் பொத்தான் தைக்கிற பொண்ணு, நீ போன பிறகு உன் இடத்துல ஆடறவ, அவ வாளி இருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு வளைவு வளைஞ்சு ஓடறா. இல்லாத வாளியை இன்னும் சுத்திட்டு இருக்கா.

குட்டி முதுகைப் பாத்தேன். நீ சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. மூணு வருஷம் நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு தெரியல. நோட்டுக்கு நன்றி. கோவத்தோட எழுதினதுக்கும் நன்றி. அடுத்து என்ன பண்ணட்டும், சொல்லு.

உன் அண்ணி


ஜூலை 5

அண்ணிக்கு,

ஆபீஸ்ல உக்காந்து உங்க கடிதத்தைப் படிச்சேன். காலுறை வரி வந்ததும் சத்தமா சிரிச்சுட்டேன். பக்கத்து மேஜைக்காரர் உடம்புக்கு என்னன்னு கேட்டார். அது என் காலுறை. நீலக் கோடு போட்டிருந்தா தனியா எடுத்து வைங்க.

இனி ஆட்டம். குட்டி இருக்கிறது நமக்குப் பலம்தான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவ ஒரே இடத்துல, ஒரே வேலைக்கு நின்னா அது மரம். நாம மரத்துக்கு பந்து எறிஞ்சுட்டு இருந்தோம். மூணு விதமா மாத்திப் பாக்கலாம்.

ஒண்ணு, அவளை ரிங்குக்குக் கீழ இருந்து வெளிய, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இழுங்க. பந்து அவ கையில வரட்டும், ஆனா போடறதுக்கு இல்ல. அவளைக் காவல் காக்க மூணு பேரும் வெளிய வருவாங்க, உள்ள காலியாகும். பொத்தான் அவளைத் தாண்டி உள்ள ஓடணும், ஓடறப்ப குட்டி கொடுக்கணும்.

அடுத்தது, பந்தே அவகிட்ட போக வேண்டாம். அவ போய் பொத்தானைக் காவல் காக்கிறவ வழியில சுவர் மாதிரி நிக்கட்டும். பொத்தானுக்கு வழி கிடைக்கும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது. அவ இடது பக்கம் போய்க் கையைத் தூக்கி பந்து கேக்கட்டும். எல்லாக் கண்ணும் அங்க போகும். நம்ம ஆள் ஒருத்தி வலது மூலையில சும்மா நிக்கட்டும்.

இதெல்லாம் காகிதத்துல சுலபம். எழுதி முடிச்சப்புறம்தான் ஒண்ணு தோணிச்சு, நானும் உங்களை மாதிரிதான் பண்றேன்னு. அவளை இங்க நிறுத்து, அங்க நிறுத்துன்னு நாமளே பேசிக்கிறோம். பந்து உனக்கு எங்க வேணும், வந்தா என்ன பண்ண ஆசைன்னு யாராவது அவகிட்ட கேட்டிருக்கோமா? மூணு வருஷத்துல நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்ல. நீங்க கேளுங்க. ஆட்டத்தை விடாதன்னு கெஞ்சறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

நாத்தனார்


ஜூலை 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

கேட்டேன்.

சாப்பாட்டு நேரம், அவ மெஷின் பக்கத்துல போய் நின்னேன். அவ உக்காந்திருந்தாலும் என் உசரம் இருக்கா, பேச வசதி. பந்து உனக்கு எங்கம்மா வேணும்னு கேட்டேன். டிபன் டப்பா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தா. நானும் நகரல. அப்புறம் சொன்னா:

'மேல இருந்து பாத்தா எனக்கு எல்லாரும் தெரியறாங்கக்கா. யார் காலியா நிக்கிறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆனா என் கைக்கு வந்தா போட்டாகணும்னு வச்சிருக்கீங்க. எனக்குக் கொடுக்கத்தான் ஆசை.'

மூணு வருஷத்துல அவ சேர்ந்தாப்புல இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. சரிம்மான்னு சொல்லிட்டு வந்து நூல்கண்டு வைக்கிற ரூம்ல கொஞ்ச நேரம் நின்னேன்.

இப்ப உன் மூணு விதத்தையும் அவ கையிலயே கொடுத்துட்டேன். எதை எப்ப ஆடறதுன்னு அவதான் கத்தறா. எதிராளிக்குப் புரியாம இருக்கணும்னு எங்க தையல் பேரையே வச்சிருக்கோம். பொத்தான் உள்ள புகுந்து ஓடறது 'காஜா'. துணியில ஓட்டை போட்டுப் பொத்தானை நுழைக்கிற மாதிரின்னு அவளே சொன்னா. குட்டி சுவரா நிக்கிறது 'பட்டி', பை விளிம்புல விறைப்பா வச்சுத் தைக்கிறோமே, அது. எல்லாரையும் இடது பக்கம் பாக்க வச்சிட்டு வலது மூலைக்கு அனுப்பறதுக்கு என்ன பேர் வச்சிருக்கா தெரியுமா? 'வாளி.'

அந்த வாளியை மறுபடி கொண்டு வந்துட்டேன். தினம் ஒரு இடத்துல வைக்கிறேன். இன்னிக்கு இடது பக்கம், நாளைக்கு நடுவுல. வாளி எங்கயோ அங்க போகாம ஆடணும். முதல் வாரம் என்னைத் திட்டிக்கிட்டே ஓடினாளுங்க. இப்ப கண்ணு தானா காலி இடத்தைத் தேடுது. குட்டி ஒரு மேட்ச்ல ஒன்பது பாயின்ட்தான் போட்டா. முன்னல்லாம் முப்பது போடுவா. ஆனா பதினோரு கூடைக்கு அவதான் பந்து கொடுத்தா, மேட்ச்சும் ஜெயிச்சோம். திரும்பற பஸ்ல அவ ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டு வந்தா. நான் தூங்கல, உன் மேல சத்தியம்.

சீட்டைத் திருப்பி வாங்கிக்கிறியான்னு இன்னும் கேக்கல. பயமா இருக்கு. செப்டம்பர் போட்டிக்கு நீ வந்தா நல்லா இருக்கும்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணி,

லீவு கேட்டேன், கிடைக்கல. கிடைச்சிருந்தா வந்திருப்பேனான்னு கேக்காதீங்க. பாதி மனசு 'போ, போ'ங்குது, பாதி மனசு அந்தக் கேலரியை நினைச்சாலே சுருங்குது.

குட்டி சொன்னதைப் படிச்சுட்டு எனக்கும் வெக்கமா போச்சு. பந்து கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துப் போச்சுன்னு நான் குதிச்சேன். கொடுக்கவே விட மாட்டேங்கிறாங்கன்னு அவ அங்க வெந்துட்டு இருந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உடை மாத்தினோம்.

சீட்டைப் பத்தி இப்ப கேக்காதீங்க. ஜெயிச்சா அவ இருந்துடுவான்னும் கணக்கு போடாதீங்க. ஜெயிச்ச நாள் எல்லாம் அவ நல்லாத்தான் இருந்தா. தோத்த நாள்தான் அவளைக் கொன்னுது.

இங்க பக்கத்துத் தெருவுல ஒரு கோர்ட் இருக்கு. போன வாரம் சும்மா போய் நின்னேன். ஒரு ஆள் குறையுது வாங்கன்னாங்க. பஞ்சை அமுக்கி ஷூவைப் போட்டுக்கிட்டேன். பத்து மாசம் கழிச்சு பந்தைத் தொட்டதுக்கு நீங்க எழுதின கடிதம்தான் காரணம். நன்றின்னு எழுதறேன், நேர்ல சொல்ல வராது எனக்கு.

உங்க நாத்தனார்


செப்டம்பர் 16

என் தங்கச்சிக்கு,

நாத்தனார்னு எழுத இன்னிக்கு மனசு வரல, பொறுத்துக்க.

இறுதிப் போட்டி வரைக்கும் போனோம். பை தைக்கிற கம்பெனி இறுதிப் போட்டி ஆடும்னு யாராவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். எதிர்ல துறைமுக டீம். போன வருஷம் அரையிறுதியில நம்மளை அடிச்சதும் அவங்கதான். முதல் பாதி முழுக்க 'காஜா'. துறைமுகக்காரிங்க மூணு பேரும் குட்டி பின்னாலயே வெளிய வந்து நின்னாளுங்க, பொத்தான் உள்ள போய்ப் போய்ப் போட்டா. அப்புறம் அவங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க. உடனே குட்டி 'பட்டி'க்கு மாத்தினா. நான் ஓரத்துல நின்னு வாயே திறக்கல. உன் அண்ணன் வந்து தொண்டை கட்டிடுச்சான்னு கேட்டுட்டுப் போறார்.

கடைசியில ஏழு செகண்ட் பாக்கி. ஒரு பாயின்ட் பின்னாடி இருக்கோம். பந்து குட்டி கையில, ரிங்குக்குக் கீழ. மூணு பேர் அவ மேல. அவ கத்தலடி. 'வாளி'ன்னு மெதுவா சொன்னா, எனக்குக் கேட்டுச்சு. மூணு பேர் தலைக்கு மேல பந்தை அப்படியே எடுத்து வலது மூலைக்கு அனுப்பினா. அங்க பொத்தான். பக்கத்துல ஈ காக்கா இல்ல.

போட்டா. ரிங்ல பட்டுச்சு. ஒரு சுத்து சுத்திச்சு. வெளிய வந்துடுச்சு.

விசில். தோத்துட்டோம். ஒரு பாயின்ட்.

பொத்தான் அங்கயே உக்காந்துட்டா. மூஞ்சியை ஜெர்சிக்குள்ள மூடிக்கிட்டா. நான் அவளை நோக்கி நடந்தேன். எல்லாரும் என்னையே பாக்கறாங்க, குட்டி உட்பட. அந்த நடை இருக்கே, முப்பது அடி கூட இருக்காது. போன வருஷமும் இதே முப்பது அடி நடந்துதானே உன்கிட்ட வந்தேன். வந்து என்ன சொன்னேன்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. வார்த்தைக்கு வார்த்தை வந்துச்சு. நீ ஷூவைப் பாத்துக்கிட்டு நின்னது கூட வந்துச்சு.

பொத்தான் பக்கத்துல தரையில உக்காந்தேன். 'சரியான ஷாட்'னு சொன்னேன். 'நாளைக்கும் அதே இடத்துல நின்னா அதே ஷாட்டைப் போடு.' அவ மூஞ்சியை வெளிய எடுக்கவே இல்ல, தலையை மட்டும் ஆட்டினா.

எழுந்தா பின்னாடி குட்டி நிக்கிறா. கையை நீட்டினா. கைகொடுக்கிறாளாக்கும்னு நானும் நீட்டினேன். அது இல்ல. 'என் சீட்டைக் கொடுங்கக்கா'ன்னா. மூணு மாசமா அது என் பையிலதான் இருக்கு. எடுத்துக் கொடுத்தேன். நாலா மடிச்சு அவ காலுறைக்குள்ள சொருகிக்கிட்டுப் போயிட்டா. நேத்து பிராக்டிஸுக்கு முதல் ஆளா வந்து, வாளியை எங்க வைக்கட்டும்னு கேட்டா.

தங்கச்சி, அவளுக்கு நான் சொன்னது உனக்குச் சொல்ல வேண்டியது. பதினோரு மாசம் தாமதம். மன்னிச்சுக்கோ. உன்னால தோக்கல. நீ அன்னிக்குப் போட்டது சரியான ஷாட். அந்த நோட்டு இல்லன்னா, நீ இல்லன்னா, இந்த வருஷமும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். குட்டியும் போயிருப்பா, பொத்தானும் போயிருப்பா. என் டீமை நீ அங்க இருந்தே காப்பாத்திக் கொடுத்திருக்க. நன்றிடி.

உன் அண்ணி


செப்டம்பர் 23

அண்ணி,

உங்க கடிதத்தை மாடிப்படியில நின்னே படிச்சேன். அப்புறம் படியிலயே உக்காந்து படிச்சேன். கீழ் வீட்டு அம்மா தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணும் ஆகல, எங்க அண்ணி மன்னிப்பு கேட்டிருக்காங்கன்னேன். அதுக்கா அழறன்னு கேட்டாங்க. உங்களைத் தெரிஞ்சிருந்தா அவங்களும் அழுதிருப்பாங்க.

உங்க மேல இருந்த கோவத்தை இத்தனை நாள் பத்திரமா வச்சிருந்தேன். இன்னிக்குத் தேடறேன், காணோம். ஷூ, கத்துக் கொடுத்த ஆட்டம், என் வீட்டுலயே எனக்குன்னு ஒரு அக்கா, எல்லாம் நீங்க கொடுத்ததுதான். அதையெல்லாம் ஒரு வார்த்தைக்காக மூட்டை கட்டிப் போட்டுட்டேன். நானும் ஒரு வாளியைச் சுத்திட்டுதான் இருந்திருக்கேன்.

பத்து நாள் லீவு கிடைச்சிருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வந்துடுவேன். அண்ணனை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்க. காலுறையைத் துவைச்சு வைங்க.

பொத்தான் இடம் பொத்தானுக்குத்தான், அதுல நான் கை வைக்க மாட்டேன். பிராக்டிஸ்ல ஒரு ஆள் குறைஞ்சா ஆடறேன். குட்டிகிட்ட மட்டும் சொல்லி வைங்க, பத்து நாளும் வலது மூலையில நான் நிப்பேன்னு.

தங்கச்சி